பத்தரை மணிக்கு மூன்று சொட்டு

மாமனாருக்கு எண்ணெய்ப் பெட்டி வந்ததும் மாப்பிள்ளைக்குச் சளி பிடித்ததும் ஒரே வாரத்தில் நடந்தன. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மாமனார் அதைத் தற்செயல் என்று விட்டுவிடத் தயாராக இல்லை. ஆறு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர். மருந்தும் நோயாளியும் ஒன்றாகக் கைக்குக் கிடைத்தால் அவர்தான் என்ன செய்வார்?

அவர் முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எத்தனை மணி நேரம் தாமதம் என்பதையெல்லாம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். கனத்த, வழவழப்பான குரல். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால், போகட்டும், காத்திருப்போமே என்று தோன்றும். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தபோது நிர்வாகம் ஒரு இயந்திரத்தை வாங்கி வைத்தது. அதில் ஒரு பெண்ணின் குரலைப் பதிவு செய்திருந்தார்கள். அது இருமாது, லீவு கேட்காது. மாமனாருக்கு ஒரு பூங்கொத்தும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டதால் அவர் மகள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் பேச்சை அடியோடு விட்டுவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார். போதும் என்பதைக் கையால் காட்டினார். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் போகிற பேருந்துகளைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அறுக்கிற வேலை செய்கிறவள். மாலை வீடு திரும்பியதும் முதலில் அப்பா முகத்தைத்தான் பார்ப்பாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்காது.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு மரப்பெட்டி அனுப்பினான். உள்ளே பன்னிரண்டு குட்டிப் பாட்டில்கள். யூகலிப்டஸ், பெப்பர்மின்ட், லாவெண்டர், எலுமிச்சை, ரோஸ்மேரி, இன்னும் என்னென்னவோ. கூடவே, தண்ணீரில் எண்ணெய் விட்டால் புகை புகையாக ஆவி விடுகிற ஒரு சின்ன இயந்திரம். எண்பது பக்கத்தில் ஒரு புத்தகம். மாமனார் புத்தகத்தை மூன்று நாளில் படித்து முடித்தார். சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டார். அவர் அடிக்கோடு போடாமல் விட்ட ஒரே அத்தியாயம் 'எச்சரிக்கைகள்' என்பது பின்னால்தான் தெரிந்தது.

நாலாம் நாள் காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒரு தும்மல் போட்டார்.

மாமனாரின் தலை நிமிர்ந்தது.

இரண்டாவது தும்மல்.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார். ஆறு மாதத்தில் அந்தக் குரல் துருப்பிடிக்கவே இல்லை. சமையலறை ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. "உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. தூசி."

"தூசின்னா ஒரு தும்மல்தான் வரும். இது ரெண்டு."

மூன்றாவதும் வந்துவிட்டது. அத்தோடு மாப்பிள்ளையின் கதை முடிந்தது.

மாப்பிள்ளை என்றே அவரைச் சொல்லிவிடலாம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியும் அந்த வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். எரிவாயு நிறுவனத்தில் கசிவு பார்க்கிற இன்ஸ்பெக்டர். நகரத்தில் பாதி வீடுகளுக்கு அவர்கள் நிறுவனத்தின் குழாய் வழியாகத்தான் அடுப்புக்கு கேஸ் போகிறது. எங்கேயாவது வாசனை வருகிறது என்று போன் வந்தால் அவர் வேனை எடுத்துக்கொண்டு ஓடுவார். கையில் ஒரு கருவி. வளைந்து கொடுக்கிற நீண்ட கழுத்தும் நுனியில் ஒரு சின்னத் தலையுமாக இருக்கும். கேஸ் பக்கத்தில் கொண்டுபோனால் டிக் டிக் என்று ஆரம்பித்து, கிட்டே போகப் போகக் கத்தும். நிறுவனத்தில் அதை எல்லோரும் நாய்க்குட்டி என்றுதான் சொல்வார்கள்.

மாப்பிள்ளைக்கு நாய்க்குட்டி இரண்டாம்பட்சம்தான். கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் மனிதர்களுக்குத் தெரியட்டும் என்று அழுகின முட்டை நாற்றத்தை நிறுவனமே சேர்த்துவிடுகிறது. அந்த நாற்றத்தை மூன்று மாடி கீழே இருந்தே பிடித்துவிடுகிற மூக்கு அவருடையது. "கருவி கத்துறதுக்கு முன்னாடி என் மூக்கு சொல்லிடும்" என்று அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிக்கொள்வார். அந்த மூக்குதான் இப்போது சிமென்ட் பூசினதுபோல் அடைத்துக்கொண்டது.

முதல் நாள் ஆவி பிடித்தார்கள். ஒரு பாத்திரம் கொதிநீரில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் என்று புத்தகத்தில் இருந்தது. இரண்டு சொட்டு குழந்தைகளுக்காக எழுதியிருப்பார்கள் என்று மாமனாரே முடிவு செய்து பன்னிரண்டு விட்டார். துண்டைப் போர்த்திக் குனிந்த மாப்பிள்ளை, கண்ணை யாரோ எலுமிச்சம்பழம்போலப் பிழிந்துவிட்ட மாதிரி அலறிக்கொண்டு வெளியே வந்தார்.

"பாத்தீங்களா, வேலை செய்யுது," என்றார் மாமனார்.

இரண்டாம் நாள் மார்பில் தடவினார்கள். வேறு எண்ணெயோடு கலந்துதான் தடவ வேண்டும் என்பது அந்தப் படிக்காத அத்தியாயத்தில் இருந்த சமாச்சாரம். பெப்பர்மின்ட்டை அப்படியே பாட்டிலிலிருந்து எடுத்துத் தேய்த்தார். முதலில் பனிக்கட்டிபோல் இருந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் நெஞ்சு தோசைக்கல்லாகக் காய்ந்தது. உள்ளங்கை அளவுக்குச் சிவந்து தடித்துப்போனது. படுக்கையறையில் ஆவி இயந்திரம் ஓயாமல் ஓடியதில் மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மூன்றாம் நாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது. காலை 6.10 ஆவி. 7.25 மார்பு. 10.30 கைக்குட்டையில் மூன்று சொட்டு. 12.15 உள்ளங்காலில் தடவல். அட்டவணையை ஒட்டியதோடு மாமனார் நிறுத்திக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டதும் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஆறு பத்துக்கு ஆவி பிடிக்க வேண்டிய மாப்பிள்ளை, தவிர்க்க முடியாத காரணங்களால், பத்து நிமிடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்."

மாப்பிள்ளை சமையலறைக்குள் போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "உங்கப்பாகிட்ட நீயாவது சொல்லும்மா. நெஞ்சு எரியுது. நேத்து பேருந்துல என் பக்கத்துல யாருமே உட்காரல. நின்னுக்கிட்டே வந்தாங்க," என்றார்.

அவள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "என்னங்க, அப்பா நேத்து எத்தனை வார்த்தை பேசினார் தெரியுமா?" என்றாள்.

"நான் எண்ணல. எனக்குக் காது அடைச்சிருக்கு."

"ஆறு மாசமா அந்த நாற்காலில உக்காந்திருந்தவர், நேத்து கடைக்குப் போயி பஞ்சு வாங்கிட்டு வந்தார். கடைக்காரரோட சண்டை வேற போட்டாராம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரு நாலு நாள் பொறுத்துக்கங்களேன். உங்களுக்குச் சளி போறதுக்கும் அவ்வளவு நாள்தான் ஆகும்."

"நாலு நாளா?"

"எனக்காக."

இதற்கு மேல் ஒரு மாப்பிள்ளையால் என்ன பேச முடியும்? போய் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வேலைக்குக் கிளம்பும்போது மாமனார் வாசலில் ஒரு குட்டிப் பாட்டிலை நீட்டினார். "யூகலிப்டஸ். பத்தரை மணிக்கு மூணு சொட்டு. கைக்குட்டையில. மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன் மாமா."

அவர் மறக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

காலை எட்டு மணிக்கு, விதிப்படி, நிறுவன டிப்போ மைதானத்தில் சுத்தமான காற்றில் நாய்க்குட்டியைச் சோதித்தார். அது சத்தமில்லாமல் இருந்தது. பத்தரை மணிக்கு வேனை ஓரம் கட்டிக் கைக்குட்டையில் மூன்று சொட்டு விட்டார். சரியாக அந்த நொடியில் வேனின் வயர்லெஸ் அலறியது. பெரிய அடுக்குமாடி, எட்டு மாடி, நாலாம் மாடியில் கேஸ் வாசனை, உடனே போகவும். அவர் பாட்டிலை அவசரமாக மூடினார், அல்லது மூடினதாக நினைத்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கியது. சட்டைக்கு மேலே கனத்த மஞ்சள் மேலங்கி இருந்ததால் ஈரம் வெளியே தெரியவில்லை. நெஞ்சு ஜில்லென்று இருந்தது. ஆனால் அந்த நெஞ்சு இரண்டு நாளாகவே ஜில்லென்றும் எரிந்துகொண்டும்தான் இருந்தது. மூக்கோ வேலை நிறுத்தத்தில் இருந்தது.

நாலாம் மாடியில் போன் செய்தவர் ஒரு தையல்காரம்மா. திரைச்சீலை தைப்பவர். வீடு முழுக்கத் துணி மலை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"காலையிலேருந்து நாறுதுங்க. முட்டை அழுகின மாதிரி," என்றார். பிறகு மூக்கைச் சுருக்கி, "இப்ப வேற மாதிரி வாசனை வருதே. ஆஸ்பத்திரி மாதிரி."

"அது நான்தாம்மா. சளி. தைலம்," என்றார் மாப்பிள்ளை. நாய்க்குட்டியை முடுக்கி அடுப்புக் குழாயருகே நீட்டினார்.

டிக் டிக் டிக் டிக்.

அவர் முகம் மாறியது. அடுப்பின் திருகை மூடினார். வால்வை மூடினார். இணைப்பில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். கசிவு இருந்தால் குமிழ் வரும். ஒரு குமிழ்கூட வரவில்லை. ஆனால் நாய்க்குட்டி விடவில்லை. குளியலறையில் கத்தியது. துணி மலைக்கு நடுவில் கத்தியது. வராந்தாவுக்கு வந்தார், கத்தியது. மாடிப்படியில் மூன்றாம் மாடிக்கு இறங்கினார், அங்கேயும் கத்தியது. இரண்டாம் மாடி, முதல் மாடி, எல்லா இடத்திலும் ஒரே அளவு.

இருபத்திரண்டு வருஷ வேலையில் அவர் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஒரு இடத்தில் கசிந்தால் அங்கே கூடுதலாக இருக்கும், தள்ளிப் போனால் குறையும். நாலு மாடியிலும் சமமாக இருக்கிறது என்றால் கட்டடமே கேஸால் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். யாராவது ஒருவர் ஒரு விளக்கைப் போட்டால் போதும்.

அடித்தளத்துக்கு ஓடிப்போய்க் கட்டடத்துக்கு வரும் பெரிய வால்வை அடைத்தார். காவலாளியைக் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். அழைப்புமணியை அழுத்தக் கூடாது, பொறி வரும். அதனால் கதவு கதவாகக் கையால் தட்டினார். "எல்லாரும் வெளிய வாங்க! எதையும் எடுக்க வேண்டாம்! லைட் போடாதீங்க! லிஃப்ட் வேண்டாம், படியில இறங்குங்க!" ஒவ்வொரு மாடியிலும் நின்று நாய்க்குட்டியை நீட்டிப் பார்த்தார். அது அவரைக் கைவிடாமல் கத்தியது.

பத்து நிமிஷத்தில் எதிர்ச்சாரி நடைபாதையில் எழுபது பேர் நின்றிருந்தார்கள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர். இடுப்பில் துண்டோடு ஒருவர், அவர் தையல்காரம்மாவிடம் ஒரு திரைச்சீலையைக் கடன் வாங்கிச் சுற்றிக்கொண்டார். ஏழாம் மாடி அம்மாள் ஒருவர் தலை முழுக்கச் சாயம் அப்பிக்கொண்டு, பிளாஸ்டிக் தொப்பியோடு நின்றார். அவருக்கு கேஸைப் பற்றிக் கவலையே இல்லை.

"இருபத்தஞ்சு நிமிஷத்துல கழுவணும்," என்றார் மாப்பிள்ளையிடம். "இப்பவே பதினெட்டு ஆச்சு."

"அம்மா, உயிர் முக்கியமா முடி முக்கியமா?"

"நாளைக்கு என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். ரெண்டும் முக்கியம்."

அந்த நொடியில்தான் மாப்பிள்ளை கவனித்தார். நடுத்தெருவில், திறந்த வெளியில், காற்றோட்டத்தில், நாய்க்குட்டி கத்திக்கொண்டிருந்தது. விளக்குக் கம்பத்தடியில் வைத்துப் பார்த்தார். கத்தியது. ரொட்டிக்கடை வாசலில், கத்தியது. இருபது அடி தள்ளி சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், கத்தியது.

இது வீட்டுக் குழாய் இல்லை. தெருவுக்கு அடியில் போகிற முதன்மைக் குழாயே வெடித்துவிட்டது. வேனிலிருந்து நாலு போக்குவரத்துக் கூம்புகளை எடுத்துத் தெருவின் இரண்டு முனையையும் அடைத்தார். ரொட்டிக்கடை அடுப்பை அணைக்கச் சொன்னார். பாதி வெந்த ரொட்டியைப் பார்த்து ரொட்டிக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பேருந்துகள் திரும்பிப் போயின. மாப்பிள்ளை தூரமாகப் போய் நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், தெருவே நிரம்பியிருக்கு. பெரிய குழாய். இன்னொரு குழு வேணும். உடனே."

மேற்பார்வையாளர் மேடமே கிளம்பி வந்தார். கூட, நிறுவனத்தில் சேர்ந்து மூன்று வருஷமான ஒரு பெண் இன்ஸ்பெக்டர், தன் சொந்த நாய்க்குட்டியோடு வந்தாள். தெரு முனையில் இறங்கியதும் அவள் கருவியை நீட்டினாள். சத்தமில்லை. பத்தடி நடந்தாள். சத்தமில்லை. விளக்குக் கம்பம், சாக்கடை மூடி, ரொட்டிக்கடை, எங்கேயும் சத்தமில்லை. மூக்கு மட்டும் சுருங்கியது.

"அண்ணே, உங்களுது ரிப்பேரா?" என்று கேட்டுக்கொண்டே மாப்பிள்ளையிடம் வந்தாள்.

டிக் டிக் டிக் டிக்.

அவள் நின்றாள். இரண்டடி பின்னால் போனாள். சத்தம் நின்றது. இரண்டடி முன்னால் வந்தாள். டிக் டிக்.

எழுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கருவியின் கழுத்தை வளைத்து மாப்பிள்ளையின் காலணியிலிருந்து மெதுவாக மேலே கொண்டுபோனாள். முழங்காலில் டிக் டிக். வயிற்றில் டிகடிகடிக். மேலங்கியின் மேல் பொத்தானுக்கு வந்ததும் நாய்க்குட்டி ஒரே மூச்சில் ஊளையிட்டது.

"அண்ணே," என்றாள் அவள், ரொம்பத் தணிந்த குரலில். "கசியிறது நீங்கதான்."

மாப்பிள்ளை மேலங்கியைத் திறந்தார். சட்டையின் இடது பக்கம் முழுக்க எண்ணெயில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பையில் காலிப் பாட்டில். மூடி தனியாக. அடைத்த மூக்கோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. கருவிக்கு கேஸும் ஒன்றுதான், ஆவியாகிற எண்ணெயும் ஒன்றுதான். பெயின்ட், ஸ்பிரிட் பக்கத்தில் போனால் ஏமாறும் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். தைலம் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

"மூணு சொட்டுதான் மேடம் விட்டேன், அதுக்குள்ள..." என்று எதையோ சொல்ல ஆரம்பித்து, எதற்காகச் சொல்கிறோம் என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

மேடம் நீளமாக மூச்சை இழுத்து, இழுத்ததற்காக வருத்தப்பட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பெண் இன்ஸ்பெக்டரைக் கட்டடத்துக்குள் அனுப்பினார். இருபது நிமிஷத்தில் அவள் திரும்பி வந்தாள். எட்டு மாடியும் சுத்தம். தையல்காரம்மா வீட்டில் துணி மலைக்குப் பின்னால் யாரும் பயன்படுத்தாத ஒரு குளியலறை இருந்தது. அதன் வடிகாலில் நாற்றத்தைத் தடுக்க நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய், சாக்கடை நாற்றம் நேராக மேலே வந்திருக்கிறது. அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். நாற்றம் நின்றுவிட்டது.

"எல்லாரும் உள்ள போகலாம்," என்றார் மேடம்.

ஒருவரும் அசையவில்லை. "தெருவே வெடிக்கப் போகுதுன்னு இப்பத்தான் சொன்னாரு!" என்றார் சோப்பு நுரைக்காரர். "கட்டடம் பூரா கேஸ்னு சொன்னாரு!" என்றார் திரைச்சீலைக்காரர். ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். மேடத்தின் குரல் அந்தக் கூச்சலில் மூழ்கியது. சாயம் போட்ட அம்மாள் மட்டும், "அறுபத்தி நாலு நிமிஷம்! நான் போறேன், வெடிச்சா வெடிக்கட்டும்!" என்று பாய்ந்தார். அவரை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, தெரு முனையில் கூம்பைத் தாண்டி ஒருவர் நடந்து வந்தார். கையில் மரப்பெட்டி. பன்னிரண்டே கால் உள்ளங்கால் தடவல் தவறிவிடக் கூடாது என்று, மாமனார் அலுவலகத்துக்குப் போன் செய்து விலாசம் வாங்கிக்கொண்டு, பேருந்து பிடித்து வந்திருந்தார்.

அவர் நெருங்கியதும் இரண்டு நாய்க்குட்டிகளும் சேர்ந்து ஊளையிட்டன.

"என்ன மாப்பிள்ளை? என்ன கூட்டம்?"

மாப்பிள்ளை காலிப் பாட்டிலைக் காட்டினார். நடந்ததை மூக்கால் சொன்னார். மாமனார் பாட்டிலைப் பார்த்தார். நனைந்த சட்டையைப் பார்த்தார். திறந்த காலர் வழியாகச் சிவந்து தடித்த நெஞ்சைப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் அதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இது எப்படி ஆச்சு? ஏன் எங்கிட்ட சொல்லல?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

மாமனார் மரப்பெட்டியைத் தரையில் வைத்தார். ரொட்டிக்கடையின் படிக்கட்டில் ஏறி நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு."

தெரு கப்சிப் என்று ஆனது. சோப்பு நுரைக்காரர் வாய் திறந்தபடி நின்றார். யாருக்கும் எங்கே கேட்ட குரல் என்று பிடிபடவில்லை, ஆனால் எல்லோருக்கும் அதற்குக் கட்டுப்பட்ட பழக்கம் இருந்தது. இரண்டு பேர் தங்கள் பைகளைத் தேடினார்கள்.

"இந்தத் தெருவிலோ, இந்தக் கட்டடத்திலோ, எரிவாயு கசிவு இல்லை. கசிந்தது யூகலிப்டஸ் எண்ணெய். அது கசிந்தது எனது மாப்பிள்ளையின் சட்டைப்பையிலிருந்து. அதை அவர் கையில் கொடுத்தவன் நான். கருவி ஒலித்தபோது விதிப்படி உங்கள் அனைவரையும் வெளியே கொண்டுவந்தவர் அவர். தவறு என்னுடையது." ஒரு நொடி நிறுத்தினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "குடியிருப்பாளர்கள் மாடிப்படி வழியாக, வரிசையாக, தங்கள் வீடுகளுக்குத் திரும்பலாம். ஏழாம் மாடி அம்மையாருக்கு முதலில் வழி விடவும். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

எழுபது பேரும் வரிசையாக உள்ளே போனார்கள். சாயம் போட்ட அம்மாள் ஓடினார்.

மறுநாள் நிறுவனத்து டாக்டர் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "கலக்காம அப்படியே தடவினீங்களா? நல்லவேளை, முகத்துல தடவல," என்றார். களிம்பு கொடுத்தார். மாமனாரும் கூடவே போயிருந்தார். புத்தகத்தையும் கொண்டுபோயிருந்தார்.

"ஐயா, இந்த வாசனை மூக்குக்கு இதமா இருக்கும், அவ்வளவுதான். சளியை அது விரட்டாது," என்றார் டாக்டர் அவரிடம். "வெறும் வெந்நீர் ஆவி போதும், அதுவும் தள்ளி உக்காந்து. தூரத்துல ஒரு சொட்டு ரெண்டு சொட்டு வாசனைக்கு வச்சுக்கங்க. உள்ளுக்குக் குடிச்சுடாதீங்க. மூச்சு இளைச்சா பாட்டிலைத் திறக்காதீங்க, நேரா இங்க வாங்க."

மாமனார் சிவப்புப் பேனாவை எடுத்து, கடைசியில் 'எச்சரிக்கைகள்' அத்தியாயத்தைத் திறந்தார். வீடு திரும்பும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் குளிர்பதனப் பெட்டியிலிருந்த அட்டவணையைக் கிழித்தார். பெட்டியை மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மகள் மாலையில் வந்து அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை, நெஞ்சு எரிச்சலைவிட மோசமாக இருந்தது.

ஏழாம் நாள் சளி போனது. களிம்பால்தான் என்றார் மாப்பிள்ளை. களிம்புக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம் என்றாள் மனைவி. மாமனார் தன் கருத்தைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் விசாரணை என்று மேடம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வேலை போனாலும் போகட்டும் என்ற முகத்தோடு போனார். மேடம் ஒரு தாளை நீட்டினார். பணி நேரத்தில் இன்ஸ்பெக்டர்கள் தைலம், வாசனைத் திரவியம் எதுவும் பூசக் கூடாது என்று புது விதி.

"உங்க மேல நடவடிக்கை இல்ல," என்றார் மேடம். "சந்தேகம் வந்ததும் ஆளுங்களை வெளிய எடுத்தீங்க. அதுக்காக யாரையும் தண்டிச்சா, அடுத்த தடவை ஒருத்தனும் எடுக்க மாட்டான். ஆனா ஒரு விஷயம். வர்ற மாசம் எல்லா இன்ஸ்பெக்டருக்கும் பயிற்சி இருக்கு. எந்தெந்தப் பொருளுக்கு நாய்க்குட்டி ஏமாறுதுன்னு நேர்ல காட்டணும். உங்க மாமனார்கிட்ட ஒரு பெட்டி இருந்துதே?"

"இருக்கு மேடம். பன்னெண்டு பாட்டில். ஒண்ணு காலி."

"கொண்டுவரச் சொல்லுங்க. அவரையும் வரச் சொல்லுங்க. அந்தக் குரலை நான் எங்கயோ கேட்டிருக்கேன். எங்கன்னுதான் ஞாபகம் வரல."

பயிற்சி நாளன்று மாமனார் அறிவிப்பாளர் வேலையில் போட்டுக்கொண்ட அதே கோட்டை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். டிப்போவின் நீளக் கொட்டகையில் முப்பது இன்ஸ்பெக்டர்கள், முப்பது நாய்க்குட்டிகள். மாமனார் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து பெயர் சொன்னார். பெப்பர்மின்ட்டுக்கு எல்லாம் கத்தின. எலுமிச்சைக்கு அதைவிடக் கத்தின. லாவெண்டருக்குப் பாதிதான். அதை யார் எதிர்பார்த்திருப்பார்கள்? மாமனாரே ஆச்சரியப்பட்டு, குறித்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்த வகுப்பு இரண்டே கால் மணி நேரம் நடந்தது.

முடிந்தபின் ஒரு இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "ஐயா, வீட்டுல பொண்ணுக்கு மூக்கடைப்பு. இதுல எதைத் தடவினா நல்லது?"

மாப்பிள்ளைக்குப் பகீரென்றது. மாமனார் பெட்டியை மூடிக்கொண்டே, "வயசு என்ன?" என்றார்.

"ரெண்டு."

"எதையும் தடவாதீங்க. அந்த வயசுல இதுவே மூச்சை அடைச்சிடும். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே."

இருவரும் வேனில் வீட்டுக்குத் திரும்பினார்கள். பெட்டி மாமனார் மடியில் இருந்தது. அவர் பேச்சு நிற்கவேயில்லை. மூன்றாவது வரிசை ஆள் கேட்ட கேள்வி, மேடம் கொடுத்த பிஸ்கட், அடுத்த மாதம் இன்னொரு டிப்போவில் வகுப்பு எடுக்க முடியுமா என்று மேடம் கேட்டது, அங்கே கொட்டகை பெரிதாமே, எதிரொலி இருக்குமோ, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளையின் மூக்கு முழுசாகத் திறந்திருந்தது. பெட்டியின் வாசனை முழு வீச்சில் வந்து தாக்கியது. மனைவியும் எதிர்வீட்டுக்காரரும் பேருந்துப் பயணிகளும் என்ன பாடுபட்டார்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டார்.

"புழுக்கமா இருக்கா மாப்பிள்ளை?" என்றார் மாமனார், பேச்சை நிறுத்தி.

"இல்ல மாமா. நீங்க சொல்லுங்க," என்றார் மாப்பிள்ளை.